கலைமணி ஏறினால் இருமும் வண்டி

கருங்கல் மேட்டின் அடியில் கலைமணி ஏறிக் கதவைச் சாத்தினாள். வண்டி கிளம்பியது. முதல் கியரில் கொஞ்ச தூரம் போயிருக்காது, என்ஜின் ஒரு தரம் விக்கியது. அப்புறம் இன்னொரு தரம். பிறகு தடதடவென்று உதறி, பின்னால் வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டு நின்றேபோனது.

பின்னால் பலாப்பழங்களுக்கும் மரவள்ளி மூட்டைகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த பெண்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காமலே ஒருத்தியைத் திட்டும் வித்தை அந்த ஊர்ப் பெண்களுக்குக் கைவந்தது.

"எறங்கு புள்ள" என்றான் வண்டியை ஓட்டிய சதீஷ்குமார். அவள் முகத்தைப் பார்க்காமல், ஆனால் மெதுவாக, பரிவாகவே சொன்னான். "கொஞ்சம் நடந்து வா. மேட்டு மேல நிக்கறேன்."

நிற்க மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். இறங்கினாள். அவன் பானெட்டைத் திறந்து உள்ளே குனிந்தான். டீசல் பம்ப்பின் கைப்பிடியை அமுக்கி அமுக்கி விட்டான். வேறு என்னவோ செய்தான். மூடிவிட்டு வந்து சாவியைத் திருப்பினான். என்ஜின் ஒரு குறையுமில்லாமல் ஓடியது. அவ்வளவு லோடையும் இழுத்துக்கொண்டு வண்டி மேடு ஏறி, திரும்பி, மறைந்தது. மேட்டு உச்சியில் யாரும் நிற்கவில்லை. பின்னாலிருந்து ஒரு பெண் குரல் மட்டும் காற்றில் வந்தது: "பாத்தயா, அவ எறங்கினதும் எப்படிப் போவுதுன்னு."

செம்மேட்டில் அவள் வேலை பார்க்கும் தையல் கடைக்கு இனி நடந்துதான் போக வேண்டும். போய்ச் சேரும்போது முதலாளியம்மா கடிகாரத்தைப் பார்ப்பாள். அதுகூடப் பெரிதில்லை. பெரிது என்னவென்றால், அந்த வண்டியை ஓட்டுகிறவனுக்குத்தான் அவளைப் பேசி முடித்திருந்தது.

சதீஷ்குமார் அவளுடைய செத்துப்போன தாய்மாமனின் மகன். பிறந்ததிலிருந்தே முறை மாப்பிள்ளை. மலை மேல் திருப்புலி நாட்டில் இரண்டு குடும்பமும் பக்கத்துப் பக்கத்து ஊர். பொங்கல் முடிந்து, ஊர்க்கவுண்டர் முன்னால் பாக்கு மாற்றி நிச்சயம் செய்தார்கள். மறுநாள் காலையில் அவள் முதன்முதலாக மாப்பிள்ளை பக்கத்தில், முன்சீட்டில் உட்கார்ந்து போனாள். அன்றைக்குத்தான் வண்டி முதன்முதலாக இருமியது.

பழைய பிக்கப். அவன் கைக்கு வருவதற்கு முன்பே இரண்டு பேர் அதை ஓட்டித் தேய்த்திருந்தார்கள். இருமாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் அவன் அம்மா மாதம்மாளுக்கு அப்படித் தோன்றவில்லை. வண்டி முகப்பில் எலுமிச்சம்பழம் கட்டினாள். கோயில் வாசலில் நிறுத்திப் பூசணிக்காய் உடைத்தாள். மேட்டுக்கே ஒரு சேவலை அறுத்தாள். சேவலைத் தின்றவர்கள் எல்லோரும் மறுநாள் வண்டியில் ஏறி, என்ன ஆகிறதென்று பார்த்தார்கள். கலைமணி ஏறினாள், வண்டி நின்றது, கலைமணி இறங்கினாள், வண்டி போனது. இதற்கு மேல் யாருக்கு என்ன சாட்சி வேண்டும்?

"பேளுக்குறிச்சி மெக்கானிக்கே பாத்துட்டாருங்க" என்று சதீஷ்குமார் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னான். "என்ஜின்ல ஒரு குத்தமும் இல்லைங்கறாரு." சொல்லும்போது அவன் குரலில் வருத்தம் இருந்தது. அந்த வருத்தத்தைப் பார்த்துக் கலைமணிக்கு நெஞ்சு இளகியது. பாவம், எனக்காக எத்தனை பேரிடம் பதில் சொல்கிறான் என்று நினைத்தாள். நினைத்தாளே, பாவி மகள்.

அதற்குப் பிறகு தினை விதைப்புக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. மிளகு பறிக்கிற இடத்தில் அவள் கூடையைத் தனியாக வைத்தார்கள். பிறந்த குழந்தையைப் பார்க்கப் போனால் தாய்க்காரி குழந்தையைத் துணியால் மூடினாள். முன்சீட்டில் கூட வரும் நர்ஸ் ஸ்டெல்லா கீழ்நாட்டுக்காரி, படித்தவள். அவளாவது இந்தக் கூத்தைக் கேட்பாள் என்று கலைமணி நம்பி, "சிஸ்டர், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, நீங்க சொன்னா கேப்பாங்க" என்று கெஞ்சினாள்.

ஸ்டெல்லா அவள் கையைப் பிடித்து ஆறுதலாகத் தடவினாள். "எல்லாம் மூடநம்பிக்கைம்மா. எனக்குத் தெரியாதா? ஆனா நான் டிரான்ஸ்ஃபர் வர்ற வரைக்கும் இவங்களோடதானே இருக்கணும். நீ கொஞ்ச நாளைக்கு பஸ்ல வாயேன்." மறுநாள் முன்சீட்டில் கலைமணி உட்காரும் இடத்தில் ஸ்டெல்லாவின் தோல்பை உட்கார்ந்திருந்தது. பஸ் அந்தப் பக்கம் காலையில் வருவதே இல்லை என்பது ஸ்டெல்லாவுக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாதம்மாள் தாம்பாளத்தோடு வந்தாள். கூடவே ஊர்க்கவுண்டர் சென்றாயன். பின்னால் தலையைக் குனிந்துகொண்டு சதீஷ்குமார். தாம்பாளத்தில் அன்று மாற்றிய பாக்கு இருந்தது.

"ஏனுங்ணா, எங்க மேல கோவிச்சுக்காதீங்க" என்று கலைமணியின் அப்பா அர்த்தனாரியைப் பார்த்துச் சொன்னாள் மாதம்மாள். "நாங்களா வேண்டாங்கறோம்? தெய்வமே தடுக்குது."

"என்ற மவ என்னம்மிணி பண்ணுவா? அவ என்ன என்ஜினுக்குள்ளயா போய் உக்காந்துக்கறா?" என்றார் அர்த்தனாரி. கோபமாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது அழுதுவிட்டார்.

அந்த ஊரில் வழக்கம் இதுதான். பாக்கு மாற்றிய பிறகு மாப்பிள்ளை வீடு தானாகப் பின்வாங்கினால், மாப்பிள்ளை ஊர் கூடியிருக்கப் பெண்ணின் தகப்பன் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழ வேண்டும். அப்புறம் அந்த வீட்டுக்குப் பெண் கேட்டு ஊர்க்கவுண்டர் எந்த வாசலையும் மிதிக்க மாட்டார். ஆனால் சகுனம் தடுத்தது என்றால் யாருக்கும் குற்றமில்லை, பாக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். யாருக்கும் குற்றமில்லை என்று சொல்வது ஆண்கள் சௌகரியத்துக்கு. பெண் அந்தப் பேரைத் தலையில் சுமந்துகொண்டு சாகும்வரை உட்கார்ந்திருப்பாள். கலைமணிக்குக் கீழே ஒரு தங்கை வேறு இருந்தாள். அவளையும் யாரும் கேட்டு வர மாட்டார்கள்.

அப்போதுதான் சதீஷ்குமார் தலையை நிமிர்த்தினான்.

"எனக்கு மட்டும் ஆசை இல்லீங்களா மாமா? கவுண்டர் முன்னால சொல்றேன். இவளை ஏத்திக்கிட்டு வண்டி ஒரே ஒரு தடவை அந்த மேட்டை ஏறட்டும். அந்த வாரமே தாலி கட்டறேன். மறுபேச்சே கிடையாது."

ஊர்க்கவுண்டருக்கு அது பிடித்துப்போனது. அவருக்குத் தீர்ப்பு என்றால் பார்க்கிறாப்போல இருக்க வேண்டும். "சரி. திங்கக்கிழமை நானும் வாரேன். ஏறுச்சுன்னா கல்யாணம். நின்னுதுன்னா அங்கேயே பாக்கைத் திருப்பிக்கங்க" என்று துண்டை உதறி எழுந்தார்.

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த கலைமணிக்கு அந்த நிமிஷம் அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. எனக்காகப் பேசிவிட்டான். அவன் இவ்வளவு செய்யும்போது நான் சும்மா இருந்தால் எப்படி? வண்டியில் என்னவோ இருக்கிறது. அதைத் திங்கட்கிழமைக்குள் கண்டுபிடித்தாக வேண்டும்.

மறுநாள் பேளுக்குறிச்சிச் சந்தை. அர்த்தனாரி மிளகு கொண்டு போனார், இவளும் கூடவே செம்மேட்டில் பஸ் பிடித்துக் கீழே இறங்கினாள். சதீஷ்குமார் லோடை இறக்கியதும் வண்டியை எப்போதும் குப்புசாமி பட்டறையில் விட்டுவிட்டு, சாவியையும் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போவான். அவன் போகும்வரை எதிர்க்கடை ஓரத்தில் நின்று, பிறகு பட்டறைக்குள் போனாள்.

குப்புசாமி டயர் மேல் உட்கார்ந்து பன்னை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். அவள் சொல்லி முடிக்கும்வரை நிமிரவே இல்லை.

"ஏனம்மிணி, இத்தனை ஆம்பளைங்க இருக்க வண்டியைப் பத்திக் கேக்க உன்னையா அனுப்புனாங்க? சரி சொல்லு. புகை என்ன நெறம்?"

"வெள்ளைங்ணா."

"பட்டுனு நிக்குதா, விக்கி விக்கி நிக்குதா?"

"விக்கித்தானுங்க. அப்புறம் ஒரே உதறல்."

"மறுபடி கெளப்பறதுக்கு என்ன பண்றான்?"

"பானெட்டைத் தெறந்து கையால பம்ப்பு அடிப்பாரு. என்னவோ முடுக்குவாரு. உடனே கெளம்பிரும்."

குப்புசாமி மீதி பன்னை வாயில் போட்டுக்கொண்டார். "அப்ப நாசில் இல்ல, ஃபில்டர் இல்ல. காத்து. டேங்குல இருந்து பம்ப்புக்கு டீசல் வர்ற ஹோஸ்ல காத்து ஏறுது. சமதரையில ஒண்ணும் தெரியாது. லோடோட மேட்டுல இழுக்கறப்ப டீசலோட காத்தும் போயி என்ஜின் விக்கும். ஆனா அதை நான் அன்னைக்கே முடிச்சுட்டனே! பொங்கல் கழிஞ்சு வந்தான். ஹோஸ் வெடிச்சிருந்துது. புது ஹோஸ் போட்டேன், புதுக் கிளிப்பு போட்டேன். அதுக்கு மேல எங்க இருந்து வருது காத்து?"

அவருடைய வேலையில் குறை சொல்லிவிட்டாள் என்று அவருக்கு ரோஷம். எழுந்து போய், கொத்தனார் மட்டம் பார்க்கிற கண்ணாடி மாதிரியான டியூப் ஒரு துண்டை எடுத்துவந்தார். ஹோஸைக் கழற்றி அந்த இடத்தில் டியூபை மாட்டி, வண்டியைக் கிளப்பி, பட்டறைப் பையனை ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொன்னார். டியூபுக்குள் டீசல் ஓடுவது தெரிந்தது. காற்று ஏறினால் குமிழி குமிழியாக வரும் என்றார். அவரும் அவளும் குனிந்து பார்த்தார்கள். ஒரு குமிழிகூட இல்லை.

"பாத்துக்க. டேங்குல இருந்து இங்க வரைக்கும் சுத்தம். அப்ப காத்து ஏறுனா இந்த ஹோஸ் மாட்டற வாயிலதான் ஏறணும்." கழற்றிய ஹோஸை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். அதன் முனையில் இருந்த கிளிப்பைக் கட்டைவிரலால் துடைத்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இங்க பாரம்மிணி. புதுக் கிளிப்பு. இதோட ஸ்க்ரூ தலையைப் பாரு."

ஸ்க்ரூவின் தலையில் திருப்புளி வைக்கிற வெட்டு மழுங்கி, ஓரமெல்லாம் பிய்ந்து பளபளவென்று தேய்ந்திருந்தது.

"நான் ஒரு தடவை முடுக்கினேன். ஒரு தடவை முடுக்கினா இப்படித் தேயுமா? எவனோ தினமும் இதைக் கழட்டறான், தினமும் முடுக்கறான். வழியில எங்கயாச்சும் வண்டியை நிறுத்தறானா?"

"எங்க ஊருக்கு முன்னால ஓடைகிட்ட நிப்பாரு" என்றாள் கலைமணி. அவள் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் அது தெரியும். "ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்த."

"தினமுமா? அந்த ரேடியேட்டர் ஒரு சொட்டு ஒழுகாதே."

அதற்கு மேல் அவர் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஹோஸ் வெடித்த அந்த முதல் நாள் மட்டும்தான் வண்டி தானாக நின்றது. ஓடையில் இறங்கிக் கிளிப்பைத் தளர்த்துவது. அவளை ஏற்றிக்கொள்வது. மேட்டில் நின்றதும் அவளை இறக்கிவிட்டு, எல்லோர் கண்முன்னால் பானெட்டைத் திறந்து முடுக்குவது. இத்தனை நாளும் எவ்வளவு பொறுமையாக, எவ்வளவு பரிவாக, "எறங்கு புள்ள". வேண்டாம் என்று வாயால் சொன்னால் காலில் விழ வேண்டும். அதற்கு வெட்கப்பட்டு அவள் பேரை எடுத்து வண்டிச் சக்கரத்தில் வைத்திருக்கிறான். கலைமணி அந்தக் கிளிப்பை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்: "ஏனுங்ணா, நீங்க மலைக்கு வந்து இதை எங்க கவுண்டர்கிட்டச் சொல்லுவீங்களா?"

"நான் எதுக்கு வாரேன்? சனிக்கிழமை தவறாம வர்ற கிராக்கி அவன். உங்க ஊட்டுப் பஞ்சாயத்துக்கு நான் பொழப்பைக் கெடுத்துக்கணுமா?" என்றார் குப்புசாமி. கெட்ட மனுஷன் இல்லை. கேட்டதற்கு உண்மையைச் சொன்னார், அவ்வளவுதான்.

அவள் மட்டும் போய்ச் சொன்னால்? நீதான் கழற்றிவிட்டு வந்தாய் என்பாள் மாதம்மாள். ஊர் தலையாட்டும். ஒருவேளை நம்பினாலும், நம்பினால் என்ன ஆகும்? ராசி கெட்டவள் என்ற பேர் போய், கட்டிக்கப் போகிறவனே இவ்வளவு பாடுபட்டு விரட்டிய பெண் என்ற பேர் வரும். சந்தையில் அப்பா மிளகு மூட்டைக்குப் பக்கத்தில் நின்று யாரிடமோ கையைக் கூப்பிக்கொண்டிருந்தது தூரத்தில் தெரிந்தது. நேற்றிலிருந்து அந்த மனுஷன் கை கூப்பாத ஆள் இல்லை.

"அப்ப ஒண்ணு பண்ணுங்க" என்றாள். "இந்தக் கிளிப்பு வேண்டாம். யாரும் திருப்புளி வெச்சுக் கழட்ட முடியாத மாதிரி கட்டிக் குடுங்க."

அது அவருக்குப் பிடித்த வேலை. ஹோஸைத் திரும்ப மாட்டி, கட்டுக்கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி, கட்டிங் பிளேயரால் முறுக்கி, முறுக்கை நறுக்கி, அதன் மேல் கல்லாக இறுகும் பசையை அப்பினார். "இனி ஹோஸை அறுத்தாத்தான் உண்டு" என்றார். அவனிடம் சொல்ல வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டதற்கு, எனக்கென்ன என்று தோளைக் குலுக்கினார்.

திங்கட்கிழமை காலை கலைமணி மேட்டடியில் நிற்கவில்லை. தலை குளித்து, பூ வைத்துக்கொண்டு, ஓடைக்கே நடந்து போய்ப் புங்கமரத்தடியில் நின்றாள்.

வண்டி வந்தது. பின்னால் நிற்க இடமில்லை. வேடிக்கை பார்ப்பதற்கென்றே ஆட்கள் வந்திருந்தார்கள். ஊர்க்கவுண்டர் சென்றாயன் எல்லோருக்கும் தெரிகிறாப்போல முன்னால் கம்பியைப் பிடித்து நின்றார். மாதம்மாள் மடியில் தாம்பாளத்தை வைத்திருந்தாள், எதிரில் அர்த்தனாரி. நர்ஸ் ஸ்டெல்லா அன்றைக்கு முன்சீட்டை விட்டுவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்திருந்தாள், காற்றாட இருக்கட்டும் என்று.

சதீஷ்குமார் குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கினான். அவளைக் கவனிக்கவில்லை. பானெட்டைத் தூக்கினான். இடுப்பிலிருந்து திருப்புளி வந்தது. கை பழகிய இடத்துக்குப் போய், அங்கேயே நின்றுவிட்டது. குனிந்து பார்த்தான். விரலால் தடவிப் பார்த்தான். நகத்தால் சுரண்டினான்.

"என்னங்க மாமா, தண்ணி ஊத்தலீங்களா?" என்றாள் கலைமணி, அவன் தோளுக்குப் பக்கத்திலிருந்து.

அவன் திரும்பினான். அவள் முகத்தைப் பார்த்ததும் திருப்புளியை அவசரமாக இடுப்பில் செருகினான். மேலேயிருந்து சென்றாயன் குரல் கொடுத்தார்: "என்னப்பா, நேரமாச்சு. என்ன பண்ற அங்க?"

"ஒண்ணுமில்லீங்க" என்றான் சதீஷ்குமார். ஓடையில் தண்ணீர் மொள்ளக்கூட மறந்து, வெறுங்குடத்தோடு வந்து ஏறினான். கலைமணி பக்கத்தில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள்.

மேடு தொடங்கியது. முதல் கியர். பின்னால் பேச்சு அடங்கிவிட்டது. என்ஜின் ஒரே சீராக முனகிக்கொண்டு இழுத்தது.

"உனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றான் அவன், ரோட்டைப் பார்த்தபடி.

"ம்."

"பின்ன எதுக்கு புள்ள இது?"

"ஏன் மாமா செஞ்ச? வேற யாராச்சும் இருக்காளா?"

அவன் யோசித்தான். "அப்படியெல்லாம் இல்ல. புடிக்கல, அவ்வளவுதான்."

வேறு ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். கலைமணி கண்ணை ஒருதரம் மூடித் திறந்தாள்.

"அதை இப்பச் சொல்லு" என்றாள். "வண்டியை நிறுத்து. எறங்கிப் போயி, கவுண்டர்கிட்ட, எனக்கு இவளைப் புடிக்கலைன்னு சொல்லு. எங்கப்பன் கால்ல விழு. எந்திரிச்சுப் போயிரு. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். கிளிப்பைப் பத்தி என் வாயில வராது."

அவன் கால் பிரேக்கின் மேல் போனது. அவள் மனதார வேண்டிக்கொண்டாள்: மிதி, மிதித்துவிடு. அவன் கண்ணாடியில் பின்னாலிருந்த கூட்டத்தைப் பார்த்தான். கால் திரும்ப ஆக்ஸிலேட்டருக்கு வந்துவிட்டது. வண்டி மேட்டை ஏறி முடித்தது.

பின்னால் பெண்கள் குலவை இட்டார்கள். அவளைத் திட்டின அதே வாய்கள்தான். ஸ்டெல்லாவும் கை தட்டினாள். மாதம்மாள் "என்ற ராசாத்தி, எங்க ஊட்டு மகாலட்சுமி" என்று கூவிக்கொண்டு பின்னாலிருந்து எட்டி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். ஊர்க்கவுண்டர் சென்றாயன் கூரையில் ஓங்கித் தட்டினார்.

"தம்பி, சொன்ன சொல்லு ஞாபகம் இருக்குதல்ல? புதன்கெழமை நல்ல நாளு. வெச்சுக்கலாமா?"

சதீஷ்குமார் கியரை மாற்றினான்.

"சரிங்க" என்றான்.

அவன் குரல் நடுங்கியது. அது நடுங்கியதைக் கேட்டதும் கலைமணிக்குள் ஒரு சந்தோஷம் எழுந்தது. இனி வாழ்நாள் முழுக்க இந்த ஆளிடமிருந்து தனக்குக் கிடைக்கப்போகிற சந்தோஷம் இந்த ஒரு வகைதான் என்று அவளுக்குத் தெரிந்தது.